கல்வி வாயிலும் கணிப்பொறி வாயிலும்

(கெங்குவார்பட்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கொடைக்கானல் மலையடியில், மஞ்சளாற்று நீரை நம்பி வாழும் ஊர் இந்தக் கெங்குவார்பட்டி. இவ்வூரில் அரசுப் பள்ளியொன்றில் தமிழ்வழியில் பயிலும் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவள் தந்தை தென்னந்தோப்பில் கூலி வேலை செய்கிறார். தாய் களையெடுக்கச் செல்கிறார். சிறுமியோ நன்றாகப் படிக்கிறாள். அவள் முன்னே இரண்டு வாயில்கள் நிற்கின்றன. ஒன்று, மருத்துவமும் பொறியியலும் கற்பிக்கும் உயர்கல்வியின் வாயில். மற்றொன்று, இன்று எழுத்தும் செய்தியும் அரசு நடவடிக்கையும் எதன் வழியாக நடைபெறுகின்றனவோ, அந்தக் கணிப்பொறியின் வாயில். முதல் வாயிலில் நிற்பவன், “பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் படித்தாயா?” என்று கேட்கிறான். இரண்டாம் வாயிலில் நிற்பவன், “ஆங்கிலம் தெரியுமா?” என்று கேட்கிறான். இரண்டு கேள்விகளுக்கும் அச்சிறுமியிடம் விடை இல்லை. அது அவள் குற்றமா?

இந்த இரண்டு வாயில்களையும் திறந்துவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் உழைத்த ஓர் அறிஞரைப் பற்றியே இன்று பேச வேண்டியிருக்கிறது. அவர் பெயர் பேராசிரியர் மு. ஆனந்தகிருட்டிணன். அவர் தனித்தமிழ் இயக்கத்தைச் சார்ந்தவர் அல்லர். பொறியியல் கற்றவர், பல்கலைக்கழகம் ஆண்டவர், அரசுகளுக்கு அறிவுரை கூறியவர். ஆயினும் தமிழ்மொழிக்கும் தமிழ்ப்பிள்ளைகளுக்கும் அவரால் விளைந்த நன்மையைத் தமிழன்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மேடையில் மொழியைப் பாடுவோர் பலர். ஆணை பிறக்கும் அறைக்குள் அமர்ந்து மொழிக்கு இடம் தேடித் தருவோர் மிகச் சிலர். அச்சிலருள் அவர் ஒருவர்.

வாணியம்பாடி முதல் நியூயார்க்கு வரை

1928ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள், அந்நாளைய வடார்க்காட்டு மாவட்டத்து வாணியம்பாடியில் பிறந்தவர் அவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்று 1952இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரி 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற மிகப் பழைய நிறுவனம். பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். தாயகம் திரும்பி, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக 1974 வரை பணியாற்றினார்.

அதன்பின் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பிற்று. 1974இல் வாசிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அறிவியல் துறை அறிவுரைஞராகச் சென்றார். 1978 முதல் 1989 வரை நியூயார்க்கில், ஒன்றிய நாடுகள் அவையின் அறிவியல் தொழில்நுட்ப வளர்ச்சிப் பிரிவில் உயர்பொறுப்பு வகித்தார். பாலமும் சாலையும் அமைக்கும் கல்வி கற்றவர், நாடுகளுக்கிடையே அறிவு செல்லும் பாதையை அமைக்கும் பணிக்கு வந்தார்.

அக்காலத்தின் நிலைமையை அறிந்தால்தான் அப்பணியின் அருமை விளங்கும். 1979ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் வியன்னா நகரில் ஒன்றிய நாடுகள் அவை ஒரு மாபெரும் மாநாட்டைக் கூட்டிற்று. அறிவியலும் தொழில்நுட்பமும் செல்வ நாடுகளிடமே குவிந்து கிடக்கின்றன. ஏழை நாடுகள் அவற்றை விலை கொடுத்து வாங்கி, வாங்கியதையும் பழுது பார்க்க அறியாது தவிக்கின்றன. இந்நிலையை மாற்றுவது எங்ஙனம் என்பதே அம்மாநாட்டின் ஆய்பொருள். பொறியை விற்பவன் விலையை மட்டும் வைப்பதில்லை; பொறி இயங்கும் முறையையும் அவனே வகுத்துவிடுகிறான். முறையை வகுத்தவன் எவனோ அவனே ஆள்பவன். வாங்கியவன் அம்முறைக்குத் தன் வாழ்க்கையை வளைத்துக்கொள்ள வேண்டியவன் ஆகிறான். பதினோராண்டுகள் இச்சிக்கலின் நடுவே பணி செய்துவிட்டு வந்தவர்தாம், பின்னாளில் தமிழ் எழுத்துக்குக் கணிப்பொறியில் வந்த சிக்கலையும் எதிர்கொண்டார்.

1990ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்று, 1996 வரை அப்பணியில் இருந்தார். அதன்பின் 2001 வரை தமிழ்நாட்டு மாநில உயர்கல்வி மன்றத்தின் துணைத்தலைவராகவும், தகவல் தொழில்நுட்பத் துறையில் முதலமைச்சரின் அறிவுரைஞராகவும் விளங்கினார். இந்தப் பத்தாண்டுக் காலத்தில்தான் அவர் இரு வாயில்களிலும் கைவைத்தார்.

எழுத்தின் வாயில்

முதலில் எழுத்தின் கதையைக் கேளுங்கள்.

1990களில் கணிப்பொறியில் தமிழ் இருந்தது. ஆனால் ஒரு தமிழ் இல்லை. பல தமிழ் இருந்தன. எழுத்துருவைச் செய்து விற்ற ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்தனர். ஒருவரது முறையில் ககரத்துக்குரிய எண், மற்றவரது முறையில் மகரத்துக்குரியதாக இருந்தது. மதுரையில் அடித்த மடலைச் சென்னையில் திறந்தால் புரியாத குறிகள் நிறைந்து கிடக்கும். கோலாலம்பூரில் இருந்து எழுதியவர் தம் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினாலொழிய யாழ்ப்பாணத்தார் அதைப் படிக்க இயலாது. விசைப்பலகையும் அவ்வாறே. ஒரு நிறுவனத்தில் தட்டச்சுக் கற்றவர் மறு நிறுவனத்தில் கல்லாதவராய் நின்றார். உலகெங்கும் ஒரே எழுத்தால் எழுதும் ஓர் இனம், கணிப்பொறிக்குள் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியாமல் சிதறிக் கிடந்தது.

இதைச் சீர்செய்யும் முயற்சிக்கு முதற்கால் நட்டவர்கள் கடல் கடந்த தமிழர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் முன்னின்று 1997இல் தமிழ் இணையக் கருத்தரங்கைக் கூட்டினர். அடுத்த மாநாடு 1999 பிப்பிரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் நடந்தது. அதை அமைத்து நடத்தும் பொறுப்பில் முன்னின்றவர் ஆனந்தகிருட்டிணன். போட்டி நிறுவனத்தார் ஒருபுறம், தமிழறிஞர் ஒருபுறம், அயலகத் தமிழ்ப் பொறியாளர் ஒருபுறம், அரசு ஒருபுறம் என்று நாற்புறமும் இழுத்த கயிற்றை ஒரு முனையில் கொண்டுவந்து கட்டுவது எளிய செயலா? ஒவ்வொருவரும் தம் முறையே சிறந்தது என்று கொண்டிருந்த நிலையில், அனைவரும் ஒன்றை ஏற்கச் செய்வதற்கு அறிவு மட்டும் போதாது. பொறுமையும் நடுநிலையும் வேண்டும்.

அம்மாநாட்டின் பயனாக, அதே ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகையே ‘தமிழ் 99’ என்று வழங்குவது. அதன் அமைப்பைச் சற்று நுணுகிக் காண வேண்டும். ஏனெனில் அதனுள் தமிழ் இலக்கணம் உறைந்திருக்கிறது.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகள். இந்த 31 விசைகளால் தமிழின் 247 எழுத்துகளையும் எழுதலாம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். பழைய தட்டச்சுப் பொறியில் ‘கெ’ என்று அடிக்க வேண்டுமாயின், முதலில் கொம்பை அடித்துப் பின்னர்க் ககரத்தை அடிக்க வேண்டும். வாய் ஒலிக்கும் முறை ஒன்று, கை அடிக்கும் முறை வேறொன்று. தமிழ் 99இல் ககரத்தை அடித்து எகரத்தை அடித்தால் ‘கெ’ பிறக்கிறது. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிப்பதே உயிர்மெய் என்று பள்ளியில் பயிற்றும் முறை அப்படியே பொறிக்குள் நிற்கிறது.

இன்னும் கேளுங்கள். ஒரே மெய் இரட்டிக்கும்போது முதல் மெய்க்குப் புள்ளியைப் பொறியே இட்டுவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வந்தால், அங்கும் புள்ளியைப் பொறியே இட்டுவிடும். இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். க, எ, ங, க, உ, வ, ஆ, ர, ஃ, ப, ட, ட, இ என்று 13 முறை விசையைத் தட்டினால் ‘கெங்குவார்பட்டி’ என்று எழுதி முடிந்துவிடும். ஙகரத்துக்கும் முதல் டகரத்துக்கும் நீங்கள் புள்ளி இடவேண்டுவதில்லை; ரகரத்துக்கு மட்டும் ஆய்த விசையே புள்ளி விசையாக உதவுகிறது. இனவெழுத்து என்னும் இலக்கணக் கருத்து, விரலின் உழைப்பைக் குறைக்கும் கருவியாகிவிட்டது. வடவெழுத்துகளோ நேர்விசைகளில் இல்லை. மாற்று விசையை அழுத்தினால் மட்டுமே வரும் மேல்தளத்தில் வைக்கப்பட்டன. தமிழ் எழுத வருபவர்க்குத் தமிழெழுத்தே முதலில் கைக்கு எட்டும். பிற எழுத்து வேண்டுவோர் தேடிச் செல்ல வேண்டும். தமிழன்பர்கள் பல்லாண்டு வேண்டிய ஒழுங்கு, ஆரவாரமின்றி ஒரு பலகையில் அமைந்தது.

அந்த மாநாட்டிலேயே இணையவழித் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒன்று அமையும் என்ற அறிவிப்பும் எழுந்தது. 2001 பிப்பிரவரியில் அது தொடங்கப்பெற்றது. முனைவர் வா.செ. குழந்தைசாமி அதன் முதல் தலைவர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் நூல்களையும் பாடங்களையும் அது உலகுக்கு வழங்கி வருகிறது. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராக ஆனந்தகிருட்டிணனே அமர்ந்தார்.

காலந்தாழ்ந்ததன் விலை

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். விசைப்பலகையில் தமிழின் இயல்பு வென்றது. ஆனால் உலகப் பொதுக்குறிமுறையான ஒருங்குகுறியில் அவ்வாறு முழுமையாக வெல்லவில்லை. ஏன்?

ஒருங்குகுறி 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது, இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் வகுக்கப்பட்ட குறிமுறை. அந்த அச்சோ தேவநாகரி எழுத்தின் வரிசையைத் தழுவியது. அதனால் தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையில், தமிழில் இல்லாத மூன்று வருக்க எழுத்துகளின் பெயரால் மூன்று வெற்றிடங்கள் கிடக்கின்றன. மேலும், ‘க்’ என்னும் மெய்யே முதல், அதனோடு அகரம் சேர்ந்தால் ‘க’ என்பது தமிழிலக்கணம். ஒருங்குகுறியிலோ ‘க’ முதல், அதன்மேல் புள்ளி வைத்தால் ‘க்’. 247 எழுத்துகளுள் 31 எழுத்துகளுக்கே தனியெண் உண்டு. எஞ்சிய 216 எழுத்துகளும் இரண்டிரண்டு எண்களைச் சேர்த்தே எழுதப்படுகின்றன.

இதனால் தமிழ் எழுத முடியாமற் போயிற்றா என்றால், இல்லை. இன்று உலகெங்கும் தமிழர் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது ஒருங்குகுறியால்தான். அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. 2010இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குகுறியை ஏற்று ஆணையிட்டது. அனைத்து எழுத்துகளுக்கும் தனியெண் தரும் 16 நுண்மிக் குறிமுறை ஒன்றையும் அதனோடு துணையாக ஏற்றது. ஆனால் கற்க வேண்டிய பாடம் ஒன்று இதில் உண்டு. வீட்டின் வரைபடம் போடும்போது வீட்டுக்காரன் அங்கே இல்லையென்றால், பிறன் போட்ட வரைபடத்தில்தான் அவன் குடியிருக்க வேண்டும். 1991இல் தமிழர் அந்த மேசையருகே வலுவாக அமர்ந்திருக்கவில்லை. 1999இல் அமர்ந்திருந்தனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, ஒருங்குகுறிப் பட்டியலின் வெற்றிடங்களும் தமிழ் 99இன் விசைகளும் இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன.

கல்வியின் வாயில்

இனி மற்றொரு வாயிலுக்கு வரலாம்.

பொறியியல் கல்லூரிகள் பெருகிய காலத்தில், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் இருக்கிறது என்று சிற்றூர்ப் பெற்றோர்க்கு எவ்வாறு தெரியும்? அறிந்தவர் வாய்ப்பைப் பெற்றனர். அறியாதவர் இடைத்தரகரிடம் சிக்கினர். இந்நிலைக்கு மாற்றாக வந்ததே ஒற்றைச் சாளர முறை. அதைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் ஆனந்தகிருட்டிணன் என்பதை அனைவரும் ஒப்புவர். மதிப்பெண் வரிசைப்படி மாணவரை அழைப்பர். மாணவரும் பெற்றோரும் கூடத்தில் அமர்ந்திருக்க, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள் எஞ்சியுள்ளன என்பது திரையில் வெளிப்படையாகத் தெரியும். தம் முறை வந்ததும் தாம் விரும்பும் இடத்தை மாணவரே தேர்ந்துகொள்வர். செல்வாக்குள்ளவர் மகனுக்கும் செருப்புத் தைப்பவர் மகளுக்கும் ஒரே சாளரம், ஒரே திரை.

தேனிப் பக்கத்திலிருந்து ஓர் இரவு முழுதும் பேருந்தில் பயணம் செய்து, கையில் அழைப்பு மடலோடு கிண்டியில் வந்திறங்கிய தந்தையரும் பிள்ளைகளும் எத்தனை பேர்! அழைப்பு மடலைக் காட்டினால் மாணவருக்கும் உடன்வருபவர் ஒருவருக்கும் பேருந்துக் கட்டணத்தில் பாதிச் சலுகையும் அன்று இருந்தது. பின்னர் 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிற்று. முறை மாறினும் வெளிப்படைத்தன்மை என்னும் அடிப்படை நிலைத்தது. இடம் பிறர் அறியாமல் கைமாறுவதற்கு எதிரான வலிய கருவி, இடத்தை எல்லாரும் காணச் செய்வதே.

ஆனால் சாளரத்தருகே வருமுன்னரே ஒரு மதில் இருந்தது. அதுவே நுழைவுத் தேர்வு. 1984இல் தமிழ்நாட்டில் மருத்துவ, பொறியியல் படிப்புகளுக்கு அது புகுத்தப்பட்டது. தகுதியைக் கண்டறிவதே அதன் நோக்கம் என்றனர். நடந்தது என்ன? நகரங்களில் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. தேர்வில் வெல்வதற்குரிய நுணுக்கம் ஒரு சரக்காக விற்பனைக்கு வந்தது. வாங்க வல்லவர் வாங்கினர். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வியின் பயனை ஒருநாள் தேர்வு தட்டிப் பறித்தது. தமிழ்வழியில் படித்த சிற்றூர் மாணவரும், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் அம்மதிலின் வெளியே நின்றனர்.

2005இல் செயலலிதா அம்மையார் அரசு இத்தேர்வை நீக்க முயன்றது. உயர்முறை மன்றத்தில் அம்முயற்சி நிலைக்கவில்லை. மன்றத்தில் நிற்கக்கூடிய வலிமை அதற்கு வேண்டியிருந்தது. 2006இல் கலைஞர் கருணாநிதி அரசு, ஆனந்தகிருட்டிணன் தலைமையில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு சிக்கலை உணர்ச்சியாகக் காணாது கணக்காகக் கண்டது. நுழைவுத் தேர்வின்றி மாணவரைத் தேர்ந்தெடுப்பதாயின், வெவ்வேறு கல்வி வாரியங்களில் படித்தவரின் மதிப்பெண்களை எவ்வாறு ஒப்பிடுவது என்பதே எதிர்த்தரப்பின் வலிய கேள்வி. அதற்கு விடை கூறப்பட்டது. ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணை 100க்கு ஈடாகக் கொள்க. ஒரு வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண் 90 ஆனால், அங்கே 60 பெற்றவரின் மதிப்பெண் 66.66 ஆகும். இவ்வாறு அளவுகோலை நேராக்கிவிட்டால், வாரிய வேறுபாடு என்னும் தடை விலகுகிறது.

2006 திசம்பரில் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். உயர்முறை மன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. 23 ஆண்டுகளாக நின்ற மதில் வீழ்ந்தது. உரத்த முழக்கம் இல்லாமல், ஆய்ந்து எழுதிய ஓர் அறிக்கையின் துணையால் வீழ்ந்தது. குமுகாயப் பணியில் ஈடுபடும் இளைஞர்கள் இதை உள்ளத்தில் இருத்த வேண்டும். நேரிய கோரிக்கைக்கு நேரிய சான்றும் வேண்டும். சான்றில்லாத கோரிக்கை மன்றத்தின் படிக்கட்டிலேயே தோற்றுவிடும்.

“மதிப்பெண் என்பது மனப்பாடத்தின் அளவுதானே? பாடத்திட்டமே பழையதாயிருந்தால் மதிப்பெண்ணால் என்ன பயன்?” என்று கேட்போரும் உண்டு. அக்கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கும் அவர் வாழ்நாளிலேயே விடை தேடினார். 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தை மாற்றியமைக்க அமைந்த உயர்நிலைக் குழுவுக்கு அவரே தலைவர். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ 89. ஓய்வெடுக்கும் அகவையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று கவலை கொண்டார். 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அடுத்து மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. பாடத்தின் ஓரத்தில் அச்சிட்ட விரைவுக்குறியைக் கைப்பேசியால் காட்டினால், விளக்கப் படமும் ஒலியும் திறக்கும். கணிப்பொறி வாயிலும் கல்வி வாயிலும் ஒரே ஏட்டில் இணைந்தன.

மீண்டும் எழுந்த மதில்

ஆனால் வீழ்ந்த மதில் மீண்டும் எழுந்தது. 2017இல் மருத்துவக் கல்விக்கு நாடளாவிய நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்லூரி இடம் பெறாது உயிர் நீத்தாள். 2006இல் இயற்றிய சட்டம் நின்றிருந்தால் அம்மகள் இன்று மருத்துவராய் இருந்திருப்பாள்.

தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. கெங்குவார்பட்டியிலிருந்து பேருந்தில் எளிதில் சென்றுவரக்கூடிய இடமே அது. கல்லூரி அருகில் இருக்கிறது; அதன் வாயிலோ பல்லாயிரம் உருவா கட்டிப் பயிற்சி பெற்றவர்க்கே எளிதில் திறக்கிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அது ஆறுதலே, மதிலில் வைத்த சிறு வழி அது. மதில் அப்படியே நிற்கிறது.

2021 மே 29ஆம் நாள், கொரோனாத் தொற்றால் ஆனந்தகிருட்டிணன் தம் 92ஆம் அகவையில் மறைந்தார். அடுத்த திங்களிலேயே, நாடளாவிய அத்தேர்வின் விளைவை ஆராய முறைவர் ஏ.கே. இராசன் குழுவைத் தமிழ்நாட்டரசு அமைத்தது. அக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2021 செப்தம்பரில் சட்டமன்றம் விலக்குச் சட்ட முன்வரைவை நிறைவேற்றிற்று. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025இல் செய்தி வந்தது. 2007இல் கிடைத்த ஒப்புதல் பின்னர்க் கிட்டவில்லை. முறையை வகுக்கும் மேசை சென்னையிலிருந்து தில்லிக்குப் போய்விட்டது என்பதே அதன் பொருள்.

நிறையும் குறையும்

ஒருவரைப் போற்றும்போது குறையை மறைத்தல் அறமன்று. ஆனந்தகிருட்டிணன் துணைவேந்தராய் இருந்த ஆறாண்டுகளில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியல் வரவில்லை. அது 2010இல்தான், கட்டுமானம், எந்திரவியல் ஆகிய இரு பிரிவுகளில் தொடங்கிற்று. கணிப்பொறியில் தமிழைப் பேசவைத்த தலைமுறை, வகுப்பறையில் கணிப்பொறியியலைத் தமிழில் கற்பிக்கும் நிலையை எய்தவில்லை. தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண்ணோடு கல்லூரி புகுந்த சிற்றூர்ப் பிள்ளை, முதலாண்டிலேயே ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கும் நிலை இன்னும் மாறவில்லை. வாயிலைத் திறந்தது பெரும்பணி. உள்ளே வந்தவர்க்கு அவர் மொழியில் சோறிடுவது எஞ்சியிருக்கும் பணி.

அவருக்குப் பிரேசில் நாடு 1996இல் அறிவியல் துறைக்கான தன் தேசிய விருதை வழங்கிற்று. இந்திய அரசு 2002இல் தாமரைத்திரு விருதை வழங்கிற்று. இவை அவருக்குப் பெருமை. ஆனால் 31 விசைகளால் தாய்மொழியை எழுதும் ஒவ்வொரு மாணவரும், ஒற்றைச் சாளரத்தின் வழியே பொறியாளரான முதல் தலைமுறைப் பட்டதாரி ஒவ்வொருவரும் அவருக்கு அமைந்த பெரிய விருதுகள்.

செய்ய வேண்டியவை

இவ்வூர்ப் பெரியோர்களே! ஆசிரியர்களே! பேச்சைக் கேட்டுக் கைதட்டிக் கலைவதால் பயனில்லை. இங்கேயே செய்யத்தக்கன சில உண்டு.

ஒன்று: இவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரும் தமிழ் 99 விசைப்பலகையில் எழுதப் பழக வேண்டும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் வழக்கம் எளிதுபோல் தோன்றும். ஆனால் அவ்வழக்கத்தில் பிள்ளை ‘அம்மா’ என்று எழுதுவதற்குமுன் ஆங்கில எழுத்தை எண்ண வேண்டியிருக்கிறது. தாய்மொழிக்குச் செல்லும் வழியில் பிறமொழியின் சுங்கச்சாவடி எதற்கு? ஒருநாளைக்கு அரைமணி நேரமாக, சில கிழமைகள் பழகினால் போதும்.

இரண்டு: பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்க்குக் கலந்தாய்வு முறை, உள் ஒதுக்கீடு, கல்விக் கட்டணச் சலுகை ஆகியவற்றை எடுத்துரைக்க ஊரில் படித்த இளைஞர் நால்வரேனும் ஒவ்வோராண்டும் முன்வர வேண்டும். வெளிப்படையான சாளரமும், பார்க்கத் தெரியாதவர்க்கு மூடிய சாளரமே.

மூன்று: பொறியியலும் மருத்துவமும் சட்டமும் கற்கும் தமிழ்ப்பிள்ளைகள், தம் துறையில் முறை வகுக்கும் குழுக்களில் இடம்பெறும் அளவுக்கு உயர வேண்டும். அங்கே அமர்ந்தபின், தாம் புறப்பட்டு வந்த சிற்றூரை மறவாதிருக்க வேண்டும். வாணியம்பாடியில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றியவர், உலகமெல்லாம் சுற்றிவிட்டு வந்து, அரசுப் பள்ளிப் பிள்ளை எந்த மதிலின் வெளியே நிற்கிறது என்றே தேடினார். அவர் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் அதுவே.

தொடக்கத்தில் கூறிய சிறுமியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவள் தன் தாய்மொழியில் தடையின்றி எழுதவும், தன் உழைப்புக்குரிய கல்வியைத் தடையின்றிப் பெறவும் வேண்டும். ஒருவர் தம் காலத்தில் இயன்ற மட்டும் திறந்துவிட்டுச் சென்ற வாயில்களை மீண்டும் மூடவிடாமல் காப்பது, இனி இவ்வவையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரின் கடமையாகும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் கல்வி!